கேபிள் இல்லாத வீட்டில் உலகக் கழகக் கால்பந்து

1935ஆம் ஆண்டு செப்டம்பரில் மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி, தமது இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ஒலிபரப்புக் கருவியின் ஆற்றல் வெறும் 30 வாட். அந்நிலையம் ‘ஆகாசவாணி’ என்று பெயர் பெற்றது. பின்னாளில் நாட்டின் வானொலி நிறுவனமே அப்பெயரை ஏற்றுக்கொண்டது. இன்று இந்தியா முழுவதும் வழங்கும் அச்சொல்லுக்குப் பிறந்த வீடு மைசூருதான்.

அந்த ஒலி வானத்திலிருந்து வந்ததாகவே கேட்டவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் கருவிக்கும் பராமரிப்புக்கும் பேராசிரியர் தம் கைப்பொருளைச் செலவிட்டுக்கொண்டிருந்தார். வானில் வருவதற்கும் ஒரு விலை உண்டு. அதை யாரோ ஒருவர் எங்கோ கொடுக்கிறார். தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் இந்த உண்மை மாறவில்லை. யார் கொடுக்கிறார், எப்போது கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார் என்பவை மட்டுமே மாறியுள்ளன.

இதே மைசூருவில் இன்று கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிராட்பேண்ட் இணைப்பும் கைப்பேசியும் போதும் என்று வாழும் குடும்பங்கள் பல. வேலைக்காகவோ படிப்புக்காகவோ இந்நகரில் வாடகை வீட்டில் தங்கியுள்ள தமிழ் இளைஞர்கள் பலருக்குக் கேபிள் இணைப்பு என்ற எண்ணமே எழுவதில்லை. ஆனால் அவர்களுக்குள் கால்பந்து அன்பர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக், ஆசியக் கழகப் போட்டிகள், கழகங்களுக்கான உலகக் கோப்பை ஆகியவற்றைக் கேபிள் இல்லாமல், சட்டத்துக்கு உட்பட்டு, பணத்தையும் இழக்காமல் பார்க்க இயலுமா? இயலும். அதற்குச் சிறிது விவரம் வேண்டும். சிறிது நிதானமும் வேண்டும்.

வானலை யாருக்குச் சொந்தம்?

1993இல் நடந்த ஹீரோ கோப்பைக் கிரிக்கெட் போட்டியின் ஒளிபரப்பு உரிமை குறித்து வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் வழக்கு எழுந்தது. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் ஒரு புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. வானலைகள் பொதுச்சொத்து, அவை பொதுமக்களின் நன்மைக்காகவே பயன்பட வேண்டும் என்பது அதன் சாரம். எந்தத் தனியொருவரும், அரசும்கூட, அவற்றை ஏகபோகமாக வைத்துக்கொள்ள இயலாது என்று நீதிமன்றம் கூறியது.

இந்த எண்ணத்தின் தொடர்ச்சியாக 2007இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் விளையாட்டு நிகழ்ச்சிகளின் நேரடி ஒளிபரப்பை, உரிமை பெற்ற தனியார் நிறுவனம் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் விதி. தொலைக்காட்சி விளம்பர வருவாயில் 75 விழுக்காடு உரிமையாளருக்கு; 25 விழுக்காடு பிரசார் பாரதிக்கு. இந்தியா ஆடும் முக்கியக் கிரிக்கெட் போட்டிகளைத் தூர்தர்ஷனில் நாம் காண்பது இச்சட்டத்தால்தான். உலகக் கோப்பைக் கால்பந்தின் முக்கியமான ஆட்டங்களும் அப்பட்டியலில் உள்ளன.

2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தெளிவைத் தந்தது. பகிரப்படும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும், தனது இலவச டிஷ் சேவையிலும் மட்டுமே வழங்கலாம். கேபிள் நிறுவனங்கள் வழியாக வழங்கலாகாது. கேபிள் வைத்திருப்பவருக்குக் கட்டணச் சேனல் உண்டு. கட்டணம் செலுத்த இயலாதவருக்கே சட்டம் துணை நிற்கிறது என்பது இதன் உட்பொருள்.

தரைவழி ஒளிபரப்போ பெரும்பாலான ஊர்களில் 2022க்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. மொட்டை மாடியில் மீன்முள் போல் நின்ற பழைய ஆன்டெனாவுக்கு இப்போது வேலையில்லை. எஞ்சியிருப்பது, 2004 டிசம்பரில் தொடங்கப்பட்ட டிடி ஃப்ரீ டிஷ். டிஷ்ஷையும் செட்-டாப் பாக்ஸையும் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிப் பொருத்திவிட்டால் மாதக் கட்டணம் எதுவும் கிடையாது. இச்சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் நிற்பதால், மைசூருவில் டிஷ்ஷைத் தென்கிழக்கு நோக்கி நன்கு நிமிர்த்திவைக்க வேண்டும். உலகக் கோப்பையின் பெரிய ஆட்டங்களுக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இது சிறந்த முதலீடு.

ஆனால் கால்பந்து அன்பர் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘கிளப்’ எனப்படும் கழக அணிகளின் பன்னாட்டுப் போட்டிகளுக்குத் தேசிய முக்கியத்துவப் பட்டியலில் இடமில்லை. அவை முழுவதும் வணிக உரிமைகளின் உலகம்.

145 கிலோமீட்டர் தொலைவில் ஓர் இரவு

கழகப் போட்டி என்றவுடன் மாட்ரிட், மான்செஸ்டர் என்றே நம் நினைவு ஓடுகிறது. மைசூருவிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் 2016 அக்டோபர் 19 அன்று நடந்த ஆட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏ.எஃப்.சி. கோப்பையின் அரையிறுதி, இரண்டாம் சுற்று. எதிரணி முந்தைய ஆண்டின் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் தாருல் தாசிம். முதல் சுற்று 1-1 எனச் சமனில் முடிந்திருந்தது. பெங்களூருவில் முதல் கோலை ஜோகூர் போட்டது. அதன்பின் சுனில் சேத்ரி இரண்டு கோல்களும் ஹுவானன் ஒரு கோலும் அடிக்க, பெங்களூரு எஃப்.சி. 3-1 என்று வென்றது. ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிக்கு நுழைந்த முதல் இந்தியக் கழகம் என்னும் பெருமை அன்று கிடைத்தது. நவம்பர் 5 அன்று தோஹாவில் நடந்த இறுதியாட்டத்தில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 0-1 என்று தோற்றது வேறு கதை.

இந்நாட்டுக் கழகங்களின் பன்னாட்டுப் பயணம் அதற்கும் முந்தியது. 2003இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகச் சாம்பியன்ஷிப்பை ஈஸ்ட் பெங்கால் வென்றது. தமிழ்நாட்டின் பங்கும் உண்டு. 2017-18 ஐ.எஸ்.எல். பட்டத்தை, அதே கண்டீரவா மைதானத்தில் பெங்களூருவை 3-2 என்று வீழ்த்திப் பெற்ற சென்னையின் எஃப்.சி., 2019இல் ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடியது. கோயம்புத்தூரைத் தாயகமாகக் கொண்டு 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணியும் ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

மைசூருவுக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு பழையது. சந்தோஷ் கோப்பையை அன்றைய மைசூர் மாநில அணி நான்கு முறை வென்றுள்ளது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன், மைசூர் மாநிலத்தைச் சேர்ந்த வீரர். இத்தகைய மண்ணில் வளரும் ஒரு சிறுவனோ சிறுமியோ தம் மாநிலத்துக் கழகம் ஆசிய மேடையில் ஆடுவதைக் காண, இன்று செயலியும் இணையமும் சந்தாவும் வேண்டும். கழகப் போட்டியைப் பார்ப்பதில் பொழுதுபோக்குக்கு மேற்பட்ட ஒன்று இருப்பதை இங்கே உணரலாம். கண்ணால் காணாத உயரத்தை எந்தக் குழந்தையும் கனவு காண்பதில்லை.

எந்தப் போட்டி எங்கே?

கேபிள் காலத்தில் ஒரே இணைப்பில் எல்லாம் வந்தன. இணையக் காலத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் ஒவ்வொரு வாயில். எந்த வாயில் எதற்கு என்று அறிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

யூஃபா சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், கான்பரன்ஸ் லீக் ஆகிய மூன்று ஐரோப்பியக் கழகப் போட்டிகளின் இந்திய உரிமை 2026-27 பருவம் வரை சோனி நிறுவனத்திடம் உள்ளது. கேபிள் இல்லாதவர்களுக்கு அதன் வாயில் சோனிலிவ் செயலி. 2021இல் தமிழ், தெலுங்கு வர்ணனைக்கென்றே அந்நிறுவனம் ஒரு தனிச் சேனலைத் தொடங்கியதும் நம் வாசகர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்தி.

ஆசியக் கழகப் போட்டிகளின் உரிமை அடிக்கடி கைமாறுவது. 2025 அக்டோபரில் எஃப்.சி. கோவா அணி சவுதி அரேபியாவின் அல் நாசர் அணியை ஃபடோர்டா மைதானத்தில் எதிர்கொண்டபோது, இந்திய அன்பர்கள் அதை ஃபேன்கோட் செயலியில் கண்டனர். ஓர் ஆட்டத்துக்கு மட்டும், அல்லது ஒரு தொடருக்கு மட்டும் நுழைவுச்சீட்டுப் போல் கட்டணம் பெறும் முறை இச்செயலியின் சிறப்பு. ஆண்டில் நான்கைந்து ஆட்டங்களை மட்டும் விரும்புபவருக்கு அது ஏற்றது.

2025 ஜூன் 14 முதல் ஜூலை 13 வரை அமெரிக்காவில் 32 அணிகளுடன் நடந்த ஃபிஃபா கழக உலகக் கோப்பை ஒரு புதுமையைச் செய்தது. உலக உரிமையைப் பெற்ற டாசோன் என்னும் இணைய நிறுவனம், 63 ஆட்டங்களையும் கட்டணமின்றிக் காணும் வாய்ப்பை அளித்தது. பெயரைப் பதிவு செய்தால் போதும். செல்சீ அணி பாரிஸ் சான் ஜெர்மனை 3-0 என்று வென்ற இறுதியாட்டம் உட்பட அனைத்தும் அவ்வாறே கிடைத்தன. பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கிலும் இதற்கு முன்னோடி உண்டு: 2021-22, 2022-23 ஆகிய இரு பருவங்களின் ஆட்டங்களை அதே நிறுவனம் யூடியூப்பில் இலவசமாக வழங்கியது.

இவற்றோடு, போட்டி அமைப்புகளே நடத்தும் இலவசத் தளங்களும் உண்டு. 2019இல் யூஃபா டிவியும் 2022இல் ஃபிஃபா பிளஸ்ஸும் தொடங்கப்பட்டன. முதன்மை ஆட்டங்களின் நேரலையை இவற்றில் எதிர்பார்க்க இயலாது. பழைய ஆட்டங்கள், சுருக்கக் காட்சிகள், இளையோர் போட்டிகள் போன்றவை இவற்றில் கிடைக்கும். நள்ளிரவில் விழித்திருக்க இயலாதவருக்கு மறுநாள் காலை பத்து நிமிடச் சுருக்கமே போதுமானதாக இருக்கலாம்.

ஒரு பருவம் தொடங்கும் முன்னர், அப்போட்டியை நடத்தும் அமைப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இந்தியாவுக்கான ஒளிபரப்பாளர் யார் என்று பார்த்துவிடுவது நல்ல பழக்கம். உரிமை மாறியிருந்தால் வீண் சந்தா தவிர்க்கப்படும்.

நாள்காட்டியும் கடிகாரமும்

மைசூரு நகரம் கேபிள் டிஜிட்டல் மயத்தின் இரண்டாம் கட்டப் பட்டியலில் இருந்தது. அதற்கு அரசு வைத்த கெடு 2013 மார்ச் 31. வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்து பணம் கட்டும் முறை 2019 பிப்ரவரியில் வந்தது. அப்போது ட்ராய் நிர்ணயித்த அடிப்படைக் கட்டண உச்சவரம்பு மாதம் 130 ரூபாய். வரியுடன் 153 ரூபாய் 40 காசு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1,840 ரூபாய் 80 காசு. எந்தக் கட்டணச் சேனலும் இதில் சேராது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டு, கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை நிறுவனங்களுக்கே விடப்பட்டது. கால்பந்துக்காக மட்டுமே கேபிள் வைத்திருக்கும் குடும்பம் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இணையச் சந்தாவின் பெரிய வசதி, அதை வேண்டும்போது தொடங்கி வேண்டாதபோது நிறுத்தலாம் என்பதே. இங்குதான் போட்டியின் நாள்காட்டி உதவுகிறது. சாம்பியன்ஸ் லீக் 2024-25 முதல் புதிய வடிவம் பெற்றுள்ளது. 36 அணிகள், ஒவ்வொன்றுக்கும் எட்டு லீக் ஆட்டங்கள், மொத்தம் 189 ஆட்டங்கள். லீக் கட்டம் செப்டம்பர் முதல் ஜனவரி வரை. வெளியேற்றுச் சுற்றுகள் பிப்ரவரி முதல் மே வரை. எல்லா ஆட்டங்களையும் விரும்புபவருக்கு ஆண்டுச் சந்தா இலாபகரமாக இருக்கலாம். வெளியேற்றுச் சுற்றுகள் மட்டும் போதும் என்பவருக்கு நான்கு மாதங்கள் போதும். மாதச் சந்தாவை நான்கால் பெருக்கி, ஆண்டுச் சந்தாவுடன் ஒப்பிட்டபின் முடிவெடுக்கலாம். ஜூன், ஜூலை மாதங்களில் முதன்மை ஆட்டங்கள் இல்லை. அப்போது கட்டணம் செலுத்திக்கொண்டிருப்பது, மூடிய திரையரங்கின் வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்குவது போன்றது.

அடுத்தது கடிகாரம். ஐரோப்பாவில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அங்குக் கோடைக்கால நேரம் நடைமுறையில் உள்ள செப்டம்பர், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் நமக்கு இரவு 12.30க்கு வரும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை அதுவே 1.30 ஆகிவிடும். மாலை 6.45 ஆட்டம் நமக்கு 10.15 அல்லது 11.15. ‘செவ்வாய்க்கிழமை ஆட்டம்’ என்று அச்சிடப்பட்டிருந்தாலும், நள்ளிரவு கடந்தால் நம் நாள்காட்டியில் அது புதன்கிழமை. இதை மறந்து ஒருநாள் பிந்தி விழித்திருப்போர் உண்டு. புடாபெஸ்டுக்கு ஒதுக்கப்பட்ட 2026 இறுதியாட்டத்திலிருந்து, தொடக்க நேரத்தை ஐரோப்பிய நேரப்படி மாலை 6 மணிக்கு மாற்ற யூஃபா முடிவு செய்தது. இந்தியாவில் அது இரவு 9.30. குழந்தைகளும் பெரியவர்களும் உடன் அமர்ந்து காணத்தக்க நேரம்.

இணைய அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும். விநாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் காட்சி வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி செலவாகும். இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு மணி நேர ஆட்டத்துக்கு 2.7 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் இது அடங்காது. காட்சித் தரத்தைக் குறைத்து வேகத்தைப் பாதியாக்கினால் 1.35 ஜிபியில் முடிந்துவிடும். கைப்பேசியின் சிறு திரையில் அவ்வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பெரும்பாலான திட்டங்களில் தினசரி அளவு நள்ளிரவில் புதுப்பிக்கப்படுவதால், 12.30 ஆட்டத்துக்குப் புதிய நாளின் முழு அளவும் கிடைக்கும். ஆனால் பகலில் மிச்சம் சிறிதே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்க. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

விலையில்லாத பொருளின் விலை

முக்கிய ஆட்டம் நடக்கும் இரவுகளில் சமூக ஊடகங்களிலும் குறுஞ்செய்திக் குழுக்களிலும் ‘இலவச நேரலை’ என்ற இணைப்புகள் மழைக்கால ஈசல்போலக் கிளம்பும். உரிமையற்ற இத்தளங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒளிபரப்பு நிறுவனத்துக்குத் தன் ஒளிபரப்பின்மீது 25 ஆண்டு உரிமையை அளிக்கிறது.

சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு வரும் ஆபத்து நேரடியானது. இத்தளங்களை நடத்துபவருக்கும் செலவு உண்டு. அச்செலவை அவர் பார்ப்பவரிடமிருந்தே வேறு வழியில் எடுக்கிறார். ‘காட்சியைக் காண இச்செயலியை நிறுவுக’ என்று ஒரு ஏ.பி.கே. கோப்பு வரும். அதை நிறுவியவுடன் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அனுமதி கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நம் கண்ணில் படும் முன்னே வேறொருவர் கைக்குப் போய்ச் சேரலாம். ‘வயதை உறுதி செய்ய’ என்று அட்டை எண்ணையும் மறைவெண்ணையும் கேட்கும் பக்கங்களும் உண்டு. ஒரு ரூபாய் சரிபார்ப்புக்கு என்று சொல்லி, யு.பி.ஐ. வழியாகப் பெருந்தொகைக்கான தானியங்கி அனுமதியைப் பெறும் உத்தியும் உண்டு.

கால்பந்து அன்பர் மனத்தில் நிறுத்த வேண்டியவை சில. செயலியை அதிகாரப்பூர்வ ஆப் ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவ வேண்டும். காட்சிச் செயலிக்குக் குறுஞ்செய்தியையோ தொடர்பு எண்களையோ படிக்க வேண்டிய தேவையே இல்லை. கேட்டால் மறுக்க வேண்டும். பணம் ‘பெறுவதற்கு’ யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவைப்படாது. திரையைப் பகிரச் சொல்லும் எவரையும் நம்பலாகாது. பணம் இழந்ததை உணர்ந்த கணமே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால் பணத்தை இடையிலேயே தடுக்கும் வாய்ப்பு மிகுதி. ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்கும் நேரம் அதுவன்று.

தொடங்குவது எளிது, நிறுத்துவது?

சட்டப்படியான சந்தாவிலும் ஒரு கசிவு உண்டு. மே மாத இறுதியாட்டத்துடன் நம் ஆர்வம் ஓய்ந்துவிடும். தானியங்கிப் பற்று ஓயாது. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். செயலியும் அனுமதியும் வேறு வேறு. செயலி போனாலும், வங்கிக்கு நாம் கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும்.

இதற்கென ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. தொடர் பற்றுக்கான அனுமதியைப் பதிவு செய்யும்போது கூடுதல் உறுதிப்பாடு கட்டாயம். அதன்பின் ஒவ்வொரு பற்றுக்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னர் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பைக் கண்டபின் பற்றை மறுக்கவோ, அனுமதியையே திரும்பப் பெறவோ நமக்கு உரிமை உண்டு. 15,000 ரூபாய் வரையிலான வழக்கமான தொடர் பற்றுகளுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கப்படாது. சந்தாத் தொகைகள் இவ்வரம்புக்கு மிகக் கீழே இருப்பதால், அந்த முன்னறிவிப்புக் குறுஞ்செய்தியே நமது ஒரே காவலாளி. விளம்பரம் என்று கருதி அதைப் படிக்காமல் அழிப்பது, காவலாளியை உறங்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

2020 ஜூலையில் அறிமுகமான யு.பி.ஐ. ஆட்டோபே வசதியில் அனுமதிகளை நாமே காணலாம். யு.பி.ஐ. செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்தால், நடப்பில் உள்ள அனுமதிகள் அனைத்தும் வரிசையாகத் தெரியும். வேண்டாததைத் தற்காலிகமாக நிறுத்தலாம். அல்லது அடியோடு நீக்கலாம். அட்டை வழியே கொடுத்த அனுமதியை வங்கியின் இணையச் சேவையிலும், ஆப் ஸ்டோர் வழியே தொடங்கிய சந்தாவை அந்த ஸ்டோரின் சந்தாப் பகுதியிலும் நீக்க வேண்டும். சந்தா தொடங்கும் நாளிலேயே, அது முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கைப்பேசியில் ஒரு நினைவூட்டலை வைத்துவிடுவது எளிய வழி.

கூடிப் பார்க்கும் இன்பம்

கால்பந்து தனித்துப் பார்க்கும் ஆட்டமன்று. நண்பர்கள் நால்வர் ஒருவர் வீட்டில் கூடி, தொலைக்காட்சியில் ஒரே சந்தாவில் காண்பதில் தவறேதும் இல்லை. ஹெச்.டி.எம்.ஐ. துளை உள்ள பழைய தொலைக்காட்சியிலும் ஒரு சிறு ஸ்டிக் கருவியைச் செருகி இணையக் காட்சியைக் காணலாம். ஆனால் சந்தாவின் கடவுச்சொல்லை ஊரெங்கும் பகிர்வது நிறுவனத்தின் விதிகளுக்கு முரணானது. நம் கணக்கின் பாதுகாப்புக்கும் கேடு. குடியிருப்புச் சங்கமோ இளைஞர் மன்றமோ பெரிய திரை அமைத்து நுழைவுக் கட்டணம் பெற்று ஒளிபரப்பினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி உரிமையாளரின் அனுமதி வேண்டும். கட்டணமின்றி நடத்தும் பொதுத் திரையிடலுக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது பாதுகாப்பு.

கேபிள் என்னும் ஒற்றை வாயில் மூடிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், பார்வையாளர் கையில் முன்பில்லாத ஓர் உரிமை வந்துள்ளது. வேண்டியதை, வேண்டிய மாதத்தில், வேண்டிய அளவு மட்டும் வாங்கலாம். அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டால், ஒரு கேபிள் கட்டணம் போன இடத்தில் நான்கு சந்தாக்கள் வந்து அமர்ந்துவிடும்.

பொதுநலம் சார்ந்த கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. நம் நாட்டுக் கழகம் ஓர் ஆசியப் போட்டியின் அரையிறுதிக்கோ இறுதிக்கோ செல்லும்போது, அந்த ஓர் ஆட்டத்தையாவது தேசிய முக்கியத்துவப் பட்டியலில் சேர்த்து இலவச டிஷ்ஷில் காட்டலாகாதா? அப்பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அரசிடம் உள்ளது. 2016 அக்டோபரில் கண்டீரவாவில் நிகழ்ந்தது போன்ற ஒரு வெற்றி மீண்டும் நிகழும் இரவில், சந்தா கட்ட இயலாத வீட்டுப் பிள்ளையும் அதை நேரில் போல் காண வேண்டும். வானலைகள் பொதுச்சொத்து என்ற தீர்ப்புக்கு அதைவிடப் பொருத்தமான பயன் வேறில்லை.